முப்பத்தைந்துக்குள் ஓர் இடம்

ஜூலை 14

தினமும் ஆங்கிலத்தில் டைரி எழுதினால் பேச்சு தானாக வரும் என்று யூடியூபில் ஒருவர் சொன்னார். நேற்று எழுதிப் பார்த்தேன். எங்கள் தலைமையாசிரியையைப் பற்றி நான்கு வரி எழுதியதும் நின்றுவிட்டது. திட்டுவதற்கு என்னிடம் இருக்கும் ஆங்கிலம் போதவில்லை. ஆகவே இன்று முதல் தமிழில். ஆங்கிலத்தைக் குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும்போது பேசிக்கொள்கிறேன். குக்கர் இதுவரை தப்பு கண்டுபிடிக்கவில்லை.

விஷயம் இதுதான். பணியில் இறந்துபோன ராணுவ வீரர்களின் மனைவிமார் சென்னையில் இருக்கும் அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கு விண்ணப்பிக்கலாம். எழுத்துத் தேர்வு கிடையாது. பெங்களூரில் ஐந்து நாள் வைத்து ஓடவிட்டு, பேசவிட்டு, எழுதவிட்டுப் பார்ப்பார்கள். டிகிரி வேண்டும். என்னிடம் பி.எஸ்சி. கணிதம் இருக்கிறது, முதல் வகுப்பு. வயது முப்பத்தைந்தைத் தாண்டக் கூடாது. எனக்கு அடுத்த வருட நவம்பரில் தாண்டுகிறது. அதற்குள் இரண்டு முறை ஆள் எடுப்பார்கள்.

எங்களைப் போன்றவர்களுக்கு ஒவ்வொரு முறையும் இந்தியா முழுக்க எத்தனை இடம் என்று பார்த்தேன். ஒன்று.

ஒன்று என்றால் ஒன்று. அது ஏன் எனக்குக் கிடைக்கக் கூடாது?

ஜூலை 16

நாளைக்கு இதை யாராவது படித்தால் புரிய வேண்டுமே, எழுதிவைக்கிறேன். என் பெயர் பூங்கோதை. ஊர் சின்னமனூர். பஸ்ஸில் போகிற தூரத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். மகள் நிறைமதி, நாலாம் வகுப்பு. மாமனார் மொக்கச்சாமி, சின்னமனூர் வாழைத்தாரைக் குமுளி மலை ஏற்றிக் கேரளாவுக்கு லாரி ஓட்டியவர். அத்தை இறந்து இரண்டு வருடம். அன்பு, அதாவது என் கணவர் ஹவில்தார் அன்புராஜ், போய் நான்கு வருடம். லடாக்கில் பனிச்சரிவு.

மாமாவும் நானும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. சண்டை எல்லாம் இல்லை. மருமகள் மாமனார் முன்னால் நின்று பேசக் கூடாது என்பது எங்கள் வீட்டு மரியாதை. முன்பு அத்தை நடுவில் இருந்தார். இப்போது அந்த உத்தியோகம் நிறைமதிக்கு. மூவரும் ஒரே அறையில் இருப்போம். நான், "சோறு ஆறுதுன்னு தாத்தாட்ட சொல்லு" என்பேன். அவர், "நியூஸ் முடியட்டும்னு ஒங்கம்மாட்ட சொல்லு" என்பார். அவள் சும்மா கடத்தமாட்டாள். இன்று, "அம்மா, நியூஸ் முடியணுமாம். எனக்கு ஐஸ் வாங்கிக் குடுக்கணுமாம்" என்றாள். தாத்தா மறுக்கவில்லை.

அகாடமி பற்றி வீட்டில் சொல்லவில்லை. கிடைக்காமல் போனால் சொல்லத் தேவையே இருக்காது.

ஜூலை 23

விடியற்காலையில் ஓடுகிறேன். வாய்க்கால் பாலத்திலிருந்து செங்கல் சூளை வரை, திரும்பிப் பாலம் வரை. சுடிதார், காலில் பாட்டா செருப்பு. முதல் நாள் சூளைக்குப் பாதி வழியில் ஒரு மைல்கல்லில் உட்கார்ந்துவிட்டேன். இன்று உட்காரவில்லை. சூளைக்காரர்கள் பல் தேய்த்துக்கொண்டே பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

இன்று யாரோ பின்னால் ஒரு டிவிஎஸ் ஃபிஃப்டியில் லைட் போடாமலே வந்தார்கள். நான் நின்றால் வண்டியும் நின்றது. ஓடினால் வந்தது. கையில் கல்லை எடுத்தேன். வண்டி திரும்பிப் போய்விட்டது. என்னை யாரென்று நினைத்தானோ.

ஜூலை 24

காலையில் நிறைமதி வந்தாள். "அம்மா, ஓரத்துல ஓடக் கூடாதாம், பாம்பு கெடக்குமாம். நடு ரோட்டுலதான் ஓடணுமாம். செருப்பு போட்டு ஓடுனா முழங்காலு போயிருமாம், ஷூ வாங்கணுமாம். தாத்தா சொன்னாரு."

"நான் ஓடுறது அவருக்கு எப்புடித் தெரியும்னு கேளு."

கேட்கப் போனாள். அவர் குளிக்கப் போய்விட்டார். அரை மணி நேரம் குளித்தார்.

பக்கத்து வீட்டு அக்கா சாயங்காலம் பூ கொடுக்கிற சாக்கில் வந்து ஒன்று சொன்னார். அன்புவின் சித்தப்பா மகன் சுதாகர், அந்த மொபைல் கடைக்காரன், "அண்ணி இருட்டோட எங்கயோ போறாங்க பெரியப்பா, ஊரு ஒரு மாதிரி பேசுது" என்று முந்தாநாள் டீக்கடையில் வைத்து மாமாவிடம் சொன்னானாம். சொல்லட்டும். ஷூ வாங்கிவிட்டேன், நீல நிறம்.

ஆகஸ்ட் 9

மறுமணம் செய்துகொள்ளவில்லை என்று உறுதிமொழிப் பத்திரம் கேட்கிறார்கள். நோட்டரி வக்கீலின் குமாஸ்தா என்னை மேலும் கீழும் பார்த்து, "கண்டிப்பா இல்லையாம்மா?" என்றார். "நேத்து வரைக்கும் இல்ல. சாயங்காலம் வரைக்கும் டைம் குடுத்தா வேணா யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். வக்கீல் சிரித்துவிட்டார். குமாஸ்தா சிரிக்கவில்லை.

சாட்சிக் கையெழுத்து வேண்டும். வேறு யாரைக் கூப்பிடுவது? நிறைமதி மூலம் மாமாவை வரவழைத்தேன். வந்தார். பத்திரத்தை எழுத்துக் கூட்டிப் படித்தார். மேலே 'அகாடமி' என்று இருந்த இடத்தில் விரல் நின்றது. ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆகஸ்ட் 11

இரண்டு நாளாக நிறைமதி வழியாகக்கூடப் பேச்சு இல்லை. இன்று நிறைமதி: "அம்மா, அது அப்பா போன எடமான்னு தாத்தா கேட்டுட்டு வரச் சொன்னாரு."

"அது மெட்ராஸ்ல இருக்குன்னு சொல்லு."

சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். நான் பொய் சொல்லவில்லை. அகாடமி சென்னையில்தான் இருக்கிறது. அதற்கப்புறம் எங்கே அனுப்புவார்கள் என்று அவர் கேட்கவில்லை.

செப்டம்பர் 5

ஆசிரியர் தினம். பிள்ளைகள் பேனா கொடுத்தார்கள். ஓடினேன்.

செப்டம்பர் 28

முழங்கால் வீங்கியிருக்கிறது. ஓடினேன்.

நவம்பர் 17, பெங்களூர்

வீட்டில் 'ஸ்கூல் டிரெய்னிங்' என்று சொல்லிவிட்டு வந்தேன். முதல் நாள் வடிகட்டியதில் பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டார்கள். நான் இருக்கிறேன். என் மார்பில் எண் பதினொன்று. இங்கே பெயர் கிடையாது, எல்லோரும் எண்தான்.

நவம்பர் 20, பெங்களூர்

பள்ளத்தைத் தாண்ட ஒரு பலகை, ஒரு கயிறு, ஒரு பீப்பாய் கொடுத்தார்கள். பலகை கொஞ்சம் குட்டை. என்னோடு வந்தவர்கள் பலகையை நீட்டி நீட்டிப் பார்த்தார்கள். எத்தனை தடவை நீட்டினாலும் பலகை வளருமா? நான் பீப்பாயை நடுவில் வைத்துக் கணக்கைத் தீர்த்தேன். மிச்சப் பேரும் என் பின்னால் வந்தார்கள். சந்தோஷமாக இருந்தது.

கயிறு ஏறுவதில்தான் மானம் போனது. பாதியில் தொங்கிவிட்டு இறங்கினேன்.

மதியம் நேர்காணல். கர்னல் ஒருவர். நன்றாகப் பேசினேன் என்றுதான் நினைத்தேன். அன்பு எப்படிப் படையில் சேர்ந்தார், எங்கெல்லாம் இருந்தார், அந்தப் பனியில் இரண்டு பேரை இழுத்துப் போட்டுவிட்டு மூன்றாவது ஆளுக்காகத் திரும்பிப் போனது எல்லாம் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில், "உங்கள் கணவரைப் பற்றி நிறையத் தெரிந்துகொண்டேன். அப்படி ஒருவரோடு வேலை செய்யக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். இப்போது உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார்.

நான் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நான் அவருடைய மனைவி" என்றேன்.

அவர் பேனாவை மூடிவைத்தார்.

நவம்பர் 22

பதினொன்றைக் கூப்பிடவில்லை.

நவம்பர் 23

விடியும்போது சின்னமனூரில் பஸ்ஸைவிட்டு இறங்கினேன். மாமா டிவிஎஸ்ஸோடு நின்றிருந்தார். நான் வருவது எப்படித் தெரியும் என்று தெரியவில்லை. நிறைமதி தூங்கிக்கொண்டிருந்ததால் அழைத்து வரவில்லை. நடுவில் ஆள் இல்லாமல் இருவரும் நின்றோம். பிறகு அவரே பேசினார்.

"ஸ்கூல் டிரெய்னிங் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது மாமா."

"கயிறு ஏறச் சொன்னாங்களா?"

"மேல வரைக்கும் போக முடியல" என்றேன்.

"வேற என்ன கேட்டாங்க?"

பின்னால் உட்கார்ந்து வரும்போது எல்லாவற்றையும் சொன்னேன். முகம் தெரியாததால் சுலபமாக இருந்தது. கர்னல் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும்கூடச் சொன்னேன். வாய்க்கால் பாலம் வந்தது. பாலத்தில் வண்டியை நிறுத்தினார்.

"அன்னைக்கு லைட்ட அணைச்சுட்டு ஒம் பின்னால வந்தது நாந்தேன்" என்றார். "ஏன் வந்தேன்னு கேக்காத ஆத்தா."

கேட்கவில்லை. நான் கணக்கு டீச்சர். டீக்கடையில் சுதாகர் சொன்னதோடு இதைக் கூட்டத் தெரியும்.

"அடுத்து எப்பக் கூப்புடுவாங்க?" என்றார்.

"இன்னும் ஒரு தடவதான் மாமா. அதோட வயசு போயிரும்."

"ஒரு தடவ போதும்" என்று வண்டியைக் கிளப்பினார்.

டிசம்பர் 6

வீட்டுக்குப் பின்னால் புளியமரத்தில் மாமா லாரிக் கயிற்றைக் கட்டியிருக்கிறார். தாங்குமா என்று பார்க்க, லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அவரே அதில் தொங்கினார். தெருவே பார்த்தது. இறங்கி வந்து, "தாங்குது" என்று என்னிடமே சொன்னார். நிறைமதிக்குக் கோபம். "அப்ப நான் எதுக்கு?" என்று கேட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். சமாதானத்துக்கு இரண்டு ஐஸ் ஆனது.

ஜனவரி 18

மறுபடி விண்ணப்பித்துவிட்டேன். அதே நோட்டரி. குமாஸ்தா இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை.

பிப்ரவரி 2

உள்ளங்கை உரிந்துவிட்டது. கரும்பலகையில் சாக்பீஸ் பிடிக்க முடியவில்லை. எட்டாம் வகுப்பில் ஒருத்தி எழுந்து, "டீச்சர், நீங்க சொல்லுங்க, நான் எழுதுறேன்" என்றாள். அவள் எழுதியதில் இரண்டு தப்பு. கையால் காட்டித் திருத்தினேன்.

இன்று கயிற்றின் உச்சி வரை போனேன். உச்சியிலிருந்து வாழைத்தோப்பும் அதற்கப்பால் ரோடும் தெரிகிறது. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியவில்லை. மாமா கீழே நின்றபடி, "எறங்குறப்ப வழுக்காத, கை வெந்துரும்" என்றார். அவருக்குப் பாராட்டத் தெரியாது.

மார்ச் 15

பள்ளிக்குக் கிளம்பும்போது நிறைமதியின் அலறல். ஓடிப் போய்ப் பார்த்தால், மாமா அவளை உட்காரவைத்துத் தலை பின்னிக்கொண்டிருக்கிறார். லாரிக் கயிற்றுக்கு மூன்று புரி முறுக்குகிற மாதிரி, காலைக் கொடுத்து இழுத்துப் பின்னுகிறார்.

"என்ன மாமா இது?"

"பழகுறேன்" என்றார். "பதினொரு மாசம் பின்னணும்ல? ரெட்டச் சடையா, ஒத்தச் சடையா, ஸ்கூல்ல எது?"

பயிற்சி பதினொரு மாதம் என்று நான் அவரிடம் சொன்னதே இல்லை.

"ரெட்டச் சட" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்கு வந்துவிட்டேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன், அதனால் கண்ணில் தண்ணீர்.

ஜூன் 16, பெங்களூர்

இந்த முறை பொய் சொல்லாமல் வந்தேன். எண் நான்கு. எங்கள் குழுவில் ஏழு பேர், ஏழு பேரும் என்னைப் போன்றவர்கள். பஞ்சாப், அசாம், கேரளா, எல்லா ஊரும். ஜபல்பூர் ராணுவக் குவார்ட்டர்ஸில் இரண்டு வருடம் இருந்ததில் வந்த இந்தி இங்கே கைகொடுத்தது. பக்கத்துக் கட்டில் ஹேமா, உத்தராகண்ட், இருபத்தெட்டு வயது, ஓயாமல் பேசுகிறாள். எவரும் எவரிடமும் 'எப்படிப் போனார்' என்று கேட்கவில்லை. ஏழு பேருக்கும் ஓர் இடம் என்பதையும் பேசவில்லை.

இன்று வடிகட்டும் தேர்வு. மங்கலான ஒரு படத்தைத் திரையில் அரை நிமிடம் காட்டுவார்கள். அதைப் பார்த்துத் தோன்றுகிற கதையை எழுதிவிட்டு, பிறகு எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து அவரவர் கதையைச் சொல்லி, பொதுவாக ஒரு கதைக்கு வர வேண்டும். அதிகாரிகள் சுற்றி உட்கார்ந்து குறிப்பு எடுப்பார்கள்.

படத்தில் ஒரு வாசல். உள்ளே ஒரு பெண். வெளியே இரண்டு பேர், ஒருவர் குனிந்திருக்கிறார். அவ்வளவுதான் தெரிந்தது.

முதல் ஆள் சொன்னாள்: கணவன் இறந்த செய்தியோடு இரண்டு ராணுவத்தினர் வந்திருக்கிறார்கள், அந்தப் பெண் மனம் தளராமல் பிள்ளைகளை வளர்க்கிறாள். இரண்டாவது ஆளும் அதேதான். மூன்றாவதும். சொல்லச் சொல்லக் குரல் எல்லோருக்கும் இறங்கிக்கொண்டே போனது.

என் முறை வந்தது. "கேஸ் சிலிண்டர் வந்திருக்கிறது" என்றேன். "குனிந்திருப்பவர் சிலிண்டரை இறக்குகிறார். கூட நிற்பவர் பக்கத்து வீட்டுக்காரர், 'நான் முதலில் புக் செய்தேன், எனக்கு ஏன் வரவில்லை' என்று சண்டைக்கு வந்திருக்கிறார். அந்தப் பெண் தெருவுக்கே ஒரு முறை வகுக்கிறாள். இனி யாருக்கு அவசரமோ அவருக்கு முதல் சிலிண்டர், கைவசம் சிலிண்டர் இருப்பவர் அதுவரை கடன் கொடுப்பார். தெருவில் சண்டை ஓய்கிறது."

ஹேமாதான் முதலில் சிரித்தாள். "எங்கள் மலையில் சிலிண்டரை நாங்களே முதுகில் சுமந்து போக வேண்டும், எங்கள் தெருவுக்கும் இவளை அனுப்புங்கள்" என்றாள். அசாம்காரி, சிலிண்டர் தாமதமானால் விறகு எங்கே கிடைக்கும் என்று ஆரம்பித்தாள். ஏழு பேரும் ஒரே நேரத்தில் பேசினோம், சிரித்தோம். பொதுக் கதையாகச் சிலிண்டரே நின்றது. ஓர் அதிகாரி முகத்தைக் காகிதத்தால் மறைத்துக்கொண்டார்.

சாயங்காலம் ஹேமா கேட்டாள்: "உனக்கு மட்டும் எப்படி கேஸ் சிலிண்டர் தெரிந்தது?"

"எனக்குப் பார்வை சரியில்லை" என்றேன்.

அன்புவின் செய்தி வந்த அன்றைக்கு நான் கேஸ்காரரைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். மணி அடித்ததும் கேஸ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்த்தான் கதவைத் திறந்தேன். இதை அவளிடம் சொல்லவில்லை. இங்கேயும் இதற்கு மேல் எழுதப்போவதில்லை.

ஜூன் 18, பெங்களூர்

நேர்காணல். இம்முறை ஒரு பெண் அதிகாரி. "ஏன் இந்த வேலை வேண்டும்?" என்றார்.

குக்கரிடம் பேசிப் பழகிய நல்ல பதில்கள் ஏழெட்டு இருந்தன. தேசம், தியாகம், மகளின் எதிர்காலம். வாயைத் திறந்தபோது அவை ஒன்றும் வரவில்லை.

"எனக்குக் கோபம் வரும், கணக்கு வரும், ஆட்களை வேலை வாங்கத் தெரியும். இது மூன்றுக்கும் பொருத்தமான வேலை எங்கள் ஊரில் இல்லை. யார் நினைவுக்காகவும் நான் வரவில்லை. எனக்கு இது வேண்டும்" என்றேன்.

எனக்கு வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் முறை. சொன்ன பிறகு அன்புவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்போல் இருந்தது. அப்புறம், அவர் இருந்திருந்தால் சிரித்திருப்பார் என்று தோன்றியது.

கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்டார். "திங்கட்கிழமை எட்டாம் வகுப்புக்கு இயற்கணிதம் எடுப்பேன். பிள்ளைகள் பாவம், ஒரு வாரத்துக்குக் கோபத்தோடு இருக்கிற டீச்சர் வருவாள்" என்றேன்.

கயிறும் ஏறினேன். உச்சி வரை.

ஜூன் 20, பெங்களூர்

எண் நான்கு. கூப்பிட்டார்கள்! எண் ஆறும். ஆறு ஹேமா.

இரண்டு பேர் தேர்வாகியிருக்கிறோம், இடம் ஒன்றுதான். மருத்துவச் சோதனை முடிந்து தரப்பட்டியல் வரும். அதில் யார் மேலே இருக்கிறாரோ அவருக்கு இடம். இதை அதிகாரி விளக்கும்போது ஹேமா என் கையைப் பிடித்திருந்தாள். அவளுக்கு இன்னும் ஆறேழு வருடம் இருக்கிறது, எனக்கு இல்லை என்று ஒரு கணம் நினைத்தேன். நினைத்ததற்காக வெட்கப்படவும் செய்தேன்.

மாமாவுக்குப் போன் செய்தேன். "பாஸ் மாமா. ஆனா இன்னும் லிஸ்ட்டு வரணும்" என்றேன்.

"பாஸா?" என்று கேட்டார். அடுத்ததை அவர் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. "அவ பாஸுடா!" என்று யாரிடமோ கத்தினார். டீக்கடைச் சத்தம் கேட்டது.

ஜூலை 1

மருத்துவச் சோதனை முடிந்து ஊருக்கு வந்தேன். பல், காது, எலும்பு எல்லாம் சரியாம். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் எனக்கு மயக்கம் வந்தது.

பிளக்ஸ். பஸ் ஸ்டாண்டு வாசலில், இரண்டு ஆள் உயரத்தில் நான். விண்ணப்பத்துக்கு எடுத்த பாஸ்போர்ட் போட்டோ. திருடனைத் தேடுகிற போலீஸ் நோட்டீஸில் இருக்க வேண்டிய முகம். பின்னால் ஒரு புலி, தலைக்கு மேல் இரண்டு போர் விமானங்கள். நான் சேரப்போவது தரைப்படை. இவை எல்லாம் மொபைல் கடை சுதாகரின் கைவண்ணம். கீழே கொட்டை எழுத்தில்: 'சின்னமனூரின் சிங்கப்பெண் லெப்டினன்ட் பூங்கோதை பி.எஸ்சி.'

லெப்டினன்டா! பட்டியலே வரவில்லை. வந்தாலும் பதினொரு மாதம் பயிற்சி முடித்தால்தான் அந்தப் பட்டம். துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டுப் பணம் வாங்க மறுத்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மாமாவிடம் நேராகவே கத்தினேன். "கழட்டச் சொல்லுங்க மாமா! எடம் ஒண்ணு, ஆளு ரெண்டு. கெடைக்காமப் போனா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு பஸ் ஏறுவேன்?"

அவர் நிறைமதியைக் கூப்பிட்டார். "கழட்ட முடியாதுன்னு ஒங்கம்மாட்ட சொல்லு" என்றார்.

ஜூலை 12

அடுத்த ஸ்டாப்பில் போய் பஸ் ஏறுகிறேன். பள்ளியில் தலைமையாசிரியை என்னைப் பார்த்து எழுந்து நின்றார். எட்டாம் வகுப்பு சல்யூட் அடிக்கிறது. நிறுத்தச் சொல்லிவிட்டேன். நிறுத்தவில்லை.

ஜூலை 27

பட்டியல் இன்னும் வரவில்லை. ஓடினேன். கயிறு ஏறினேன். ஹேமாவுக்கும் தூக்கம் இல்லையாம்.

ஆகஸ்ட் 3

பஸ் ஸ்டாண்டு பக்கமே போகாமல் ஒரு மாதத்தைத் தாண்டிவிட்டேன். நேற்று காய்கறி வாங்க மாமாவை அனுப்பினேன். முருங்கைக்காய் வாங்கச் சொன்னால் பாகற்காயோடு வந்தார். எல்லோரும் நிறுத்தி விசாரித்ததில் மறந்துவிட்டதாம். "என்னன்னு சொன்னீங்க?" என்றேன். "என்னத்தச் சொல்றது, அதேன் பிளக்ஸ்ல போட்டிருக்குல்ல" என்றார்.

கிடைக்காவிட்டால் இவர் தெருவில் எப்படி நடப்பார் என்றுதான் இப்போது என் பயம். என்னைப் பற்றிய பயம் எப்போது போனது என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 19

வந்துவிட்டது.

முதல் பெயர் என்னுடையது. பள்ளி வராந்தாவில் நின்று போனில் பார்த்தேன். பெயரைப் பார்த்தேன், எண்ணைப் பார்த்தேன், பிறந்த தேதியைப் பார்த்தேன். பிறகு வகுப்புக்குள் போய், பாதியில் விட்டிருந்த கணக்கை முடித்தேன். விடை சரியாக வந்தது. அதற்குப் பிறகுதான் அழுதேன். பிள்ளைகள் பயந்துபோய் எழுந்து நின்றார்கள். "எடம் கெடச்சிருச்சு, உக்காருங்க" என்றேன். உட்காரவே இல்லை.

ஹேமா போன் செய்தாள். "அடுத்த வருடம் நான் வரும்போது நீ எனக்கு சீனியர். என்னை அதிகம் ஓடவிடாதே" என்றாள். குரல் கொஞ்சம் உடைந்துதான் இருந்தது. "கட்டாயம் ஓடவிடுவேன். இப்பவே ஆரம்பி" என்றேன். அவள் வருவாள். எனக்குச் சந்தேகமே இல்லை.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். முதல் முறையாக அந்தப் பிளக்ஸின் முன்னால் நின்று, மேலிருந்து கீழ் வரை பார்த்தேன். எங்கள் ஊரில் பிளக்ஸ் என்றால் இறந்தவர் படம் கட்டாயம் இருக்கும். மூலையில், மாலையோடு, 'ஆசியுடன்' என்று போட்டு. காதுகுத்துக்கே வைப்பார்கள். இதில் அத்தை மூலையில் இருக்கிறார். அன்பு இல்லை. எனக்கு முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிட்டது.

வீட்டுக்கு வந்தேன். மாமா நிறைமதிக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தார். இப்போது நன்றாகவே பின்னுகிறார்.

"எடம் கெடச்சிருச்சு மாமா."

"அதேன் பிளக்ஸ் வச்சோம்ல" என்றார். கை மட்டும் நின்றுவிட்டது.

"அவரு படம் போடலயே மாமா. சுதாகரு மறந்துட்டாரா?"

"அவன் போட்டுத்தேன் கொண்டாந்தான். நெஞ்சுல மெடலோட, பெருசா. நாந்தேன் எடுக்கச் சொன்னேன்."

"ஏன் மாமா?"

ரிப்பனை முடிச்சுப் போட்டு முடித்துவிட்டுத்தான் பேசினார். "அவனுக்கு ஊரே கூடி பிளக்ஸ் வச்சுச்சு. வேண்டிய மட்டும் வச்சாச்சு. இதுலயும் அவன் படம் இருந்தா, பாக்குறவன் என்ன சொல்லுவான்? புருசன் செத்ததுக்குக் குடுத்த வேலம்பான். நீ ஓடுனதப் பின்னாலயே வந்து பாத்தவன் நான். எம் மகன் செஞ்சதுக்கு அவன் பேரு போதும். இது நீ செஞ்சது. எம் மகனே ஆனாலும் இதுல பங்கு கெடையாது."

சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. மகனின் படத்தைத் தன் வாயால் எடுக்கச் சொன்ன மனிதர் அந்த ராத்திரி எப்படித் தூங்கினாரோ. விண்ணப்பிக்கும் தகுதியை அன்புதான் கொடுத்தார். அதை எந்த நாளும் மறுக்கமாட்டேன். மற்றதெல்லாம் என் காலும் கையும். இதை வீட்டில் சொல்ல எனக்கே இத்தனை நாள் தைரியம் இல்லை, அவர் சொல்லிவிட்டார். கோபம் வந்தால் எனக்கு நன்றாகப் பேச வரும். இது கோபம் இல்லை. அரிசி களைய உள்ளே போனேன்.

ஆகஸ்ட் 24

நேற்று இரவெல்லாம் காற்றும் மழையும். காலையில் பள்ளிக்குக் கிளம்பிப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனால், பிளக்ஸின் ஒரு பக்கம் கட்டவிழ்ந்து, என் பாதி முகமும் புலியும் கீழே தொங்கிக்கொண்டிருந்தன. சுதாகர் ஏணி எடுத்து வரப் போயிருப்பதாகப் பழக்கடைக்காரர் சொன்னார். "இருங்க டீச்சர், அவரு வந்துருவாரு."

பையை அவரிடம் கொடுத்தேன். செருப்பைக் கழற்றினேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சவுக்குக் கம்பத்தில் ஏறினேன். கம்பம் பஸ்ஸை ஒட்டியே நின்றதால் ஜன்னலோரம் இருந்தவர்கள் எல்லாம் தலையை வெளியே நீட்டினார்கள். கண்டக்டர் விசில் அடிக்க மறந்துவிட்டார். மேலே போய், மூலையை இழுத்துப் பிடித்து, பெயர் நேராக இருக்கிறதா என்று கீழே நிற்பவர்களைக் கேட்டு, அசையாதபடி கட்டினேன்.

லெப்டினன்ட் என்பது இன்னும் தப்புத்தான். பதினொரு மாதத்தில் சரியாகிவிடும்.